பட்டாம்பூச்சி பறந்த ஆண்டு

தமிழ்ச் சங்கத்தின் மலரில் இந்தித் திரைப்பாடல் ஒன்றின் வரலாற்றை எழுதப் புகுவது வாசக அன்பர்கள் சிலருக்கு வியப்பளிக்கலாம். குறுந்தொகையும் சிலம்பும் பேசவேண்டிய ஏட்டில் மூன்று நிமிட இசைத்தட்டுக்கு என்ன வேலை என்று வினவுவோரும் இருப்பர். அப்பாடலைப் பாடிய குரல் கும்பகோணத்துக் குரல். அதற்கு வாயசைத்து நடித்தவர் திருவல்லிக்கேணியில் பிறந்தவர். அப்படத்துக்கு முதலிட்டவர் சென்னைத் தயாரிப்பாளர். அப்பாடல் மராட்டிய மண்ணில் வீதிதோறும் ஒலித்த 1966ஆம் ஆண்டோ, நம்மவர் இம்மண்ணில் வாய்திறந்து தமிழ் பேசத் தயங்கிய ஆண்டு. இவ்வளவும் ஒருங்கு கூடிய ஒரு பொருளைத் தமிழ்ச் சங்க மலர் பேசாமல் வேறு யார் பேசுவது?

பாடலின் பெயர் 'தித்லி உடி'. பட்டாம்பூச்சி பறந்தது என்பது அதன் பொருள். படம் 'சூரஜ்'. பாடியவர் சாரதா ராஜன் ஐயங்கார். இசைத்தட்டுகளிலும் விளம்பரங்களிலும் 'சாரதா' என்ற ஒற்றைப் பெயரே நின்றது. அதனால் அவர் தமிழ்ப் பெண் என்பதை இங்குள்ள நம் குடும்பங்களிலேயே பலர் நெடுங்காலம் அறியாதிருந்தனர்.

கலைஞருக்குப் பரிசளிக்கும் மரபு நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் பெறுகிறாள். இசையாசிரியன், மத்தளம் கொட்டுவோன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரின் இலக்கணத்தையெல்லாம் இளங்கோவடிகள் விரித்துரைக்கிறார். பரிசு மட்டும் அரங்கில் தோன்றிய ஆடல் மகளுக்கே போகிறது. திரையுலகமும் பல்லாண்டுக் காலம் அவ்வாறே நடந்தது. பாடியவர் திரைக்குப் பின்னே நின்றார்; புகழ் திரைக்கு முன்னே நின்றது. 1949இல் 'மஹல்' படத்தின் புகழ்பெற்ற பாடல் தட்டாக வெளிவந்தபோது அதில் பாடகியின் பெயராக அச்சிடப்பட்டிருந்தது 'காமினி' என்பது. அது கதாநாயகியின் பாத்திரப் பெயர். நேயர்கள் கடிதம் எழுதிக் கேட்ட பின்னரே லதா மங்கேஷ்கர் என்ற பெயர் வானொலியில் அறிவிக்கப்பட்டது.

பம்பாயில் 1954இல் தொடங்கிய 'ஃபிலிம்ஃபேர்' பரிசுகளிலும் பின்னணிப் பாடகருக்கு முதலில் இடமில்லை. 1957ஆம் ஆண்டு விழாவில் சங்கர்–ஜெய்கிஷன் இரட்டையர் 'சோரி சோரி' படத்துக்காக இசைப்பரிசு பெற்றனர். அப்படப் பாடலை மேடையில் பாடுமாறு கேட்டபோது லதா மறுத்துவிட்டார். பாடுவோருக்குப் பரிசில்லாத மேடையில் பாடுவதெங்ஙனம் என்பது அவர் வினா. அந்த மறுப்பின் பயனாக 1959இல் பின்னணிப் பாடகருக்கான பரிசு பிறந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சேர்த்து ஒரே பரிசு. அது 1967 வரை அவ்வாறே நீடித்தது. அந்த ஒன்பது பரிசுகளில் ரஃபி நான்கும், முகேஷும் மகேந்திர கபூரும் ஒவ்வொன்றும் பெற்றனர். பெண்ணுக்குச் சென்றவை மூன்று. அம்மூன்றும் லதா ஒருவருக்கே. கீதா தத்தும் ஆஷா போஸ்லேயும் சுமன் கல்யாண்பூரும் பாடிக்கொண்டிருந்த காலம் அது என்பதை நினைவிற் கொள்க.

இனி, அக்காலத்தில் ஒரு பாட்டின் வெற்றியை எவ்வாறு அளந்தனர் என்பதைச் சிறிது விரிவாகச் சொல்லவேண்டும்.

1952இல் மத்திய செய்தி ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் மராத்தியர், சாத்திரிய இசையில் ஆழ்ந்த பற்றுடையவர். திரையிசை நாட்டின் செவியைக் கெடுக்கிறது என்பது அவர் கொள்கை. அவ்வாண்டே அகில இந்திய வானொலிக்கும் படத் தயாரிப்பாளர்களுக்கும் பிணக்கு மூண்டு, திரைப்பாடல்கள் நம் வானொலியிலிருந்து ஏறத்தாழ மறைந்தன. மறைந்த பாட்டு கடல் கடந்து போய் இலங்கை வானொலியில் குடியேறியது. சுவிட்சர்லாந்து நிறுவனமாகிய சிபாவின் பற்பசை விளம்பரத்துக்கென 1952 டிசம்பர் 3 அன்று 'பினாகா கீத்மாலா' தொடங்கியது. நடத்தியவர் அமீன் சயானி என்னும் இளைஞர். அன்று அவருக்கு வயது இருபது நிறையவில்லை. நிகழ்ச்சி பம்பாயில் ஒலிப்பதிவாகி, நாடா விமானத்தில் கொழும்பு சென்று, அங்கிருந்து சிற்றலையில் இந்தியா முழுவதும் திரும்பி வந்தது. தில்லி பூட்டிய கதவுக்குக் கொழும்பிலே சாவி இருந்தது என்று நம் பெரியவர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

தொடக்கத்தில் அது ஒரு போட்டி. ஏழு பாடல்களை ஒலிபரப்பி, அவற்றை வரிசைப்படுத்தி எழுதும் நேயருக்கு நூறு ரூபாய்ப் பரிசு என்றனர். ஐம்பது கடிதம் வந்தால் பெரிது என்று எண்ணியிருந்த இடத்தில் முதல் வாரமே ஒன்பதாயிரம் கடிதங்கள் வந்து குவிந்தன. ஓராண்டுக்குள் வாரத்துக்கு அறுபத்தையாயிரம் ஆயிற்று. எண்ணி மாளாமையால் 1954இன் இறுதியில் போட்டியைக் கைவிட்டு, வாரந்தோறும் பதினாறு பாடல்களைத் தரவரிசைப்படுத்தும் முறையைக் கொண்டுவந்தனர். ஒவ்வோர் இடத்தையும் 'படி' என்றே சயானி குறித்தார். இசைத்தட்டுக் கடைகளின் விற்பனைக் கணக்கு ஒருபுறம். ஊர்தோறும் தோன்றிய நேயர் மன்றங்களின் வாக்கு மறுபுறம். விற்பனைக் கணக்கை மட்டும் நம்பினால், தம் படத் தட்டுகளைத் தாமே வாங்கிக் குவிக்கும் கைகள் உண்டு என்பதை அவர்கள் விரைவில் அறிந்திருந்தனர். குறைகள் இருந்திருக்கலாம். ஆயினும் வித்துவான்களின் தீர்ப்பையும் அமைச்சரின் தீர்ப்பையும் தாண்டி, கடைக்கு நடந்து சென்று தட்டு வாங்கியவனின் தீர்ப்பு எண்ணப்பட்டது என்பது சிறிய செய்தியன்று.

புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு இந்நிகழ்ச்சி. ராஸ்தா பேட்டையிலும், கிர்க்கியின் வெடிமருந்துத் தொழிற்சாலைக் குடியிருப்புகளிலும், தேகு ரோடு படைக்கலக் கிடங்கைச் சுற்றிய தெருக்களிலும் குடியேறியிருந்த நம்மவருக்கு இலங்கை வானொலி இரட்டைச் செல்வம். ஒரு முள்ளைத் திருப்பினால் தமிழ். சற்றே நகர்த்தினால் இந்தி. பெற்றோர் முன்னதை நாடினர். இவ்வூர்ப் பள்ளியில் மராத்தியும் இந்தியும் பயின்ற பிள்ளைகள் பின்னதை நாடினர். புனே நகரமே வானொலியால் பாட்டுப் பரவுவதைக் கண்ட நகரம். 1953 அக்டோபர் 2 அன்று தொடங்கிய புனே நிலையம், 1955–56இல் மாட்கூல்கர் எழுதி சுதீர் பட்கே இசையமைத்த 'கீத ராமாயண'த்தின் ஐம்பத்தாறு பாடல்களை வாரம் ஒன்றாக ஒலிபரப்பி மராட்டிய நாட்டையே கட்டிப் போட்டது. அத்தகைய ஊர், நல்ல பாட்டு எது என்று பிறர் சொல்லிக் கேட்க வேண்டிய ஊரன்று.

கீத்மாலாவின் ஆண்டு வரிசைகளைப் புரட்டினால் ஒரு செய்தி கண்ணிற்படும். 1961இல் முதலிடம் பெற்ற பாடல் 'சசுரால்' படத்தினுடையது, தயாரித்தவர் எல். வி. பிரசாத், இயக்கியவர் டி. பிரகாஷ் ராவ். லதாவுக்கு 1966ஆம் ஆண்டு ஃபிலிம்ஃபேர் பரிசை ஈட்டித் தந்த பாடல் 'கான்தான்' படத்தினுடையது; அதுவோ நம் 'பாகப்பிரிவினை'யின் இந்தி வடிவம், பீம்சிங் இயக்கியது. பம்பாயின் வெற்றிப் பாடல்களுள் ஒரு பகுதி சென்னையின் முதலீட்டில் விளைந்தது என்பதை இவை காட்டும். அவ்வரிசையில் வந்ததே 'சூரஜ்'. தயாரித்தவர் எஸ். கிருஷ்ணமூர்த்தி. இயக்கியவர் அதே பிரகாஷ் ராவ். தமிழில் 'அமர தீபம்', 'உத்தம புத்திரன்' தந்தவர். நாயகி வைஜெயந்திமாலா. இசை சங்கர்–ஜெய்கிஷன்.

சாரதா இதற்குள் எவ்வாறு வந்தார்? அவர் பெரிய வித்துவான் குடும்பத்தின் வாரிசாக வரவில்லை. டெஹரான் நகரில் ஒரு விருந்தில் அவர் பாடக் கேட்ட ராஜ் கபூர், பம்பாயில் குரல் பார்க்க அழைத்தார். அங்கே இரட்டையருள் சங்கர் அக்குரலில் புதுமை கண்டார், பயிற்சி அளித்தார், காத்திருக்க வைத்தார். 'சூரஜ்' படத்தில் இரு பாடல்களைத் தந்தார். இரண்டும் வைஜெயந்திமாலாவுக்கான பாடல்கள். வழக்கப்படி லதாவிடம் போயிருக்கவேண்டியவை என்று எவரும் எண்ணக்கூடியவை.

அக்கால ஒலிப்பதிவு முறையை இன்றைய இளைஞர் அறியார். தனித்தனியே பதிந்து பின்னர் ஒட்டுவது கிடையாது. ஐம்பது அறுபது வாத்தியக்காரர் ஒரு கூடத்தில் அமர்வர். பாடகி தடுப்புக்குள் நிற்பார். பல்லவி முதல் இறுதிச் சரணம் வரை ஒரே மூச்சில் பதிவாகும். கடைசி அடியில் ஒரு வயலின் பிசகினாலும் எல்லோரும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். புதிதாக வந்த ஒருத்திக்கு அந்தக் கூடம் எத்தகைய சோதனைக் களமாக இருந்திருக்கும்! சங்கர் ஐதராபாத்தில் வளர்ந்தவர்; ஜெய்கிஷன் குஜராத்தி. அவர்களுடைய வாத்திய அமைப்பை எழுதியவர் கோவாவின் செபாஸ்டியன் டிசூசா. தாளத்துக்குப் பொறுப்பு தத்தாராம். 'தித்லி உடி'யை எழுதியவர் சைலேந்திரா. இத்தனை நாட்டாரும் கூடி நின்ற இடத்தில் தமிழ்ப் பெண் ஒருத்தி இந்திச் சொல்லை உச்சரித்தாள். சைலேந்திரா அவ்வாண்டு டிசம்பர் 14 அன்று மறைந்தார். தம் பாடல் எவ்வளவு தொலைவு பறந்தது என்பதை அவர் முழுதும் காணவில்லை.

78 சுழற்சித் தட்டு விடைபெறத் தொடங்கி, 45 சுழற்சிச் சிறுதட்டு இடம்பிடிக்கத் தொடங்கிய நேரம் அது. பழைய தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாகத்தான் இடம். திரைப்பாடலின் அளவையே நிர்ணயித்தது அந்த அரக்குத் தட்டுதான். துள்ளும் தாளமும் குறுகிய அடிகளும் கொண்ட 'தித்லி உடி' அந்த அளவுக்கென்றே தைத்த சட்டை போலப் பொருந்தியது. குழந்தைகள் ஒருமுறை கேட்டுப் பாடக்கூடிய மெட்டு. பாட்டுக்கு அதைவிடச் சிறந்த விளம்பரம் இல்லை.

குரலைப் பற்றிய கருத்து வேறுபாடு உடனே எழுந்தது. மழலைக் குரல் என்றனர்; மூக்கால் பாடுகிறார் என்றனர்; உச்சரிப்பில் தென்னாட்டு வாடை வீசுகிறது என்றனர். முதலிரண்டும் இரசனையைப் பொறுத்தவை. அவற்றோடு வழக்காட எனக்கு விருப்பமில்லை. மூன்றாவதுதான் நம்மைத் தைப்பது. இதே குற்றச்சாட்டு லதாவின் மீதும் ஒரு காலத்தில் சுமத்தப்பட்டது. மராத்தியரின் உருதுவில் பருப்புச் சோற்று வாடை வீசும் என்று திலீப் குமார் சொன்னதும், அதனால் லதா ஆசிரியர் வைத்து உருது பயின்றதும் பலரும் அறிந்த கதை. புனேயில் 1942இல் தந்தை தீனாநாத்தைப் பறிகொடுத்து, பதின்மூன்றாம் வயதில் குடும்பச் சுமையைத் தோளேற்றிய அப்பெண்ணும் இந்திக்கு வெளியிலிருந்து வந்தவர்தான். ஒருவருடைய வாடையை உழைப்பு போக்கியது. மற்றவருடைய வாடையை மக்கள் விரும்பி ஏற்றனர். இரண்டும் வெற்றியே. எனினும் இரண்டாவது அரிதினும் அரிது.

1966இன் சூழலை இங்கே நினைவூட்ட வேண்டும். முந்தைய ஆண்டின் தொடக்கத்தில் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழகம் கொந்தளித்தது, மாணவர் வீதிக்கு வந்தனர், உயிர்கள் மாய்ந்தன. மராட்டியத்திலோ 1966 ஜூன் 19 அன்று சிவசேனை தோன்றியது. அதன் முதற்காலக் கிளர்ச்சியின் இலக்கு பம்பாயின் அலுவலகங்களில் பணிபுரிந்த தென்னாட்டவர். அதற்கு முன்பே 'மார்மிக்' வார ஏடு அலுவலகங்களில் இருந்த தென்னாட்டவர் பெயர்களைப் பட்டியலிட்டு வெளியிட்டது. அதாவது, ஊரிலே இந்தி வேண்டாம் என்ற குரல். குடியேறிய இடத்திலே தமிழன் வேண்டாம் என்ற குரல். இரண்டுக்கும் நடுவே, தமிழ் ஓசை கலந்த இந்தியில் ஒரு பாட்டு, தமிழ்ப் பணத்தில் எடுத்த படத்திலிருந்து, தமிழ் நடிகையின் உதட்டசைவில், பம்பாய் ஈரானிக் கடைகளிலும் புனேயின் பேட்டைகளிலும் ஒலித்துக்கொண்டிருந்தது. பெயர்ப் பட்டியலைப் படித்தவனும் அப்பாட்டை முணுமுணுத்திருப்பான். இதை எண்ணும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, வேறொன்றும் வருகிறது.

1966ஆம் ஆண்டின் கீத்மாலா வரிசையில் முதலிடம் பெற்றதும் 'சூரஜ்' படப் பாடலே. ஆனால் அது ரஃபி பாடிய 'பஹாரோ ஃபூல் பர்சாவோ'. ஹஸ்ரத் ஜெய்ப்பூரி எழுதியது. அதன் ஆயுள் வியக்கத்தக்கது: வட நாட்டிலும் மராட்டியத்திலும் மணமகன் ஊர்வலத்தில் பேண்டு வாத்தியம் வாசிக்கத் தவறாத மெட்டு அது. 2013இல் பிரிட்டனின் பிபிசி ஏசியன் நெட்வொர்க் நடத்திய வாக்கெடுப்பில் இந்தித் திரையின் நூறாண்டுப் பாடல்களுள் முதலிடம் பெற்றதும் அதுவே. இத்தகைய யானையோடு ஒரே படத்தில் பிறந்தது நம் பட்டாம்பூச்சி.

ஃபிலிம்ஃபேர் பரிசு அக்காலத்தில் வாசகர் வாக்கினால் தீர்ந்தது. 1967ஆம் ஆண்டுப் பரிசுக்கு ரஃபியின் பாடலும் சாரதாவின் பாடலும் வாக்கில் சமமாக நின்றன என்பது அன்றுதொட்டுத் திரையுலகில் வழங்கிவரும் செய்தி. சாரதா மறைந்தபோது வந்த இரங்கல் உரைகளும் அதையே நினைவுகூர்ந்தன. பரிசு ரஃபிக்குச் சென்றது. அடுத்த ஆண்டு, 1968இல், பின்னணிப் பாடகர் பரிசு இரண்டாகப் பிரிந்தது: ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. பெண்ணுக்கான முதற்பரிசைப் பெற்றவர் ஆஷா போஸ்லே. ஒன்பது ஆண்டுகளில் ஒருமுறையும் அம்மேடையில் பரிசு பெறாதவர் பத்தாம் ஆண்டில் பெற்றார். மறு ஆண்டும் பெற்றார். ஒரே ஒரு பாட்டுத்தான் இம்மாற்றத்துக்குக் காரணம் என்று அடித்துச் சொல்வது மிகையாகலாம். ஒரு பரிசு போதாது என்பதை எல்லோர் கண்ணுக்கும் காட்டியது அப்பாட்டு என்பதில் மிகையில்லை. கதவைத் தட்டியவர் ஒருவர், உள்ளே நுழைந்தவர் மற்றொருவர்.

வானொலியும் இதற்குள் மனம் மாறியிருந்தது. 1957இல் 'விவித பாரதி'யைத் தொடங்கித் திரைப்பாடலை ஏற்றுக்கொண்ட அரசு, 1967 நவம்பர் 1 அன்று வணிக விளம்பரத்தையும் ஏற்றது. அந்தச் சேவை முதன்முதல் தொடங்கிய நிலையங்கள் பம்பாய், நாக்பூர், புனே ஆகியவை. கொழும்பு வரை போய் வந்த விளம்பரப் பாட்டு நம் ஊர் நிலையத்துக்கே வந்து சேர்ந்தது.

சாரதாவின் பிற்கால வாழ்வு நேர்கோட்டில் செல்லவில்லை. 1967இல் 'அரவுண்ட் தி வேர்ல்ட்' படத்தில் முகேஷுடன் பாடிய பாடல் புகழ்பெற்றது. 1971இல் 'ஜஹான் ப்யார் மிலே' படப் பாடலுக்காக, தாம் தட்டிய கதவின் வழியே தாமும் நுழைந்து ஃபிலிம்ஃபேர் பரிசைப் பெற்றார். அவ்வாண்டே செப்டம்பரில் ஜெய்கிஷன் மறைந்தார். சங்கர் தனித்து நின்றார். அவருடைய வாய்ப்புகள் சுருங்கின. சாரதாவுக்குரிய பாடல்களும் சுருங்கின. சங்கர் சாரதாவை வற்புறுத்தியமையே இரட்டையருக்குள்ளும், அவருக்கும் லதாவுக்கும் இடையிலும் விரிசலை உண்டாக்கியது என்று பேசப்பட்டது. இப்பேச்சுகளில் பழி எப்போதும் பெண்ணின் தலையிலேயே இறங்குவதைக் காண்கிறோம். இசையமைப்பாளன் ஒரு குரலை விரும்பித் தேர்ந்தால், அது அவன் இசையறிவுக்குச் சான்றாகாதா?

1971இல் 'சிஸ்லர்ஸ்' என்ற பாப் இசைத்தட்டை அவர் வெளியிட்டார். இந்தியப் பெண் ஒருத்தி வெளியிட்ட முதல் பாப் தட்டு என்று அதைப் போற்றுவர். 1968 அளவிலேயே உஷா ஐயர், பின்னாளில் உஷா உதுப், ஆங்கிலப் பாடல்களைத் தட்டிற் பதிந்திருந்தார் என்று மறுப்போரும் உண்டு. இருவரும் தமிழ்க் குடும்பத்தினர் என்பதால் இவ்வழக்கில் யார் வென்றாலும் நமக்கு நட்டமில்லை. பின்னர் சாரதா இசையமைப்பாளராகவும் ஆனார். 1974இல் வந்த 'மா பெஹன் அவுர் பீவி' படத்தில் அவர் இசையில் ரஃபி பாடிய பாடல் பரிசுக்குப் பரிந்துரை பெற்றது. ஒருகாலத்தில் எதிரெதிரே நின்ற இருவர், பின்னாளில் ஒரே ஒலிப்பதிவுக் கூடத்தில்.

1971இல் 'குட்டி' படத்தின் வழியே வேலூரில் பிறந்த வாணி ஜெயராம் வந்தார். மராட்டிய இசையமைப்பாளர் வசந்த் தேசாய் அழைத்து வந்தார். சாத்திரிய இசைப் பயிற்சி நிறைந்த அக்குரலை எவரும் வாடை சொல்லித் தள்ள இயலவில்லை. அவரும் பின்னர்த் தென்னகம் திரும்பி அங்கே புகழின் உச்சியை அடைந்தார். சாரதா திரும்பவில்லை, மும்பையிலேயே இருந்தார். 2007 ஜூலையில், உருதுக் கவிஞர் மிர்சா காலிபின் கஜல்களுக்குத் தாமே இசையமைத்து, 'அந்தாஸ்-ஏ-பயான் அவுர்' என்ற தொகுப்பாக வெளியிட்டார். இந்திச் சொல்லே சரியாக வரவில்லை என்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் சொல்லப்பட்ட நாவு அது. 2023 ஜூன் 14 அன்று மும்பையில் காலமானார்.